சிவப்பு விளக்கில் ஒரு கோடு

சிவப்பு விளக்கு மட்டும் எரியும் இருட்டறையில் ஜலஜா எக்ஸ்ரே பிலிமை மருந்துத் தட்டில் முக்கி அசைக்கிறாள். தில்லிக் குளிர்காலம் முழுக்க வெற்றுப் பிலிமாகவே வந்து அவளை அழவைத்தது. கெட்டுப்போன செல் தானாகச் சாக வேண்டும். வாய்ப்புற்றில் அதைச் சாகவிடாமல் ஒரு புரதம் காவல் நிற்கிறது என்பது அவள் கட்சி; அந்தப் புரதம் இருக்கும் மாதிரிக்கு நேரே பிலிமில் கறுப்புக் கோடு விழும். இதோ, புற்றுக்கட்டியின் மாதிரிக்கு நேரே மை ஊறுவதுபோல் ஒரு கறுப்புக் கோடு தடிக்கிறது. “வந்துடுத்துடா பிரசாத், வந்துடுத்து! நம்ம முனிர்கா ஏரியா முழுக்க ஜிலேபி என் செலவு!” கூட ஆராய்ச்சி செய்யும் கிருஷ்ணபிரசாத் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறான். மருந்தின் புளித்த நெடியை அவன் வாயிலிருக்கும் பான்மசாலாவின் வாசனை அமுக்குகிறது. “அச்சா! ஜல்தி தூக்கு, நன்னாப் பாக்கலாம்.” அவள் பிலிமை விளக்குக்கு நேரே தூக்குகிறாள். ஈரம் முழங்கை வரை வழிகிறது, சிரிப்பு அடங்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒரு கன்னத்தில் சுரண்டி எடுத்து அவன் கொடுத்த மாதிரியும் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டும். அங்கேயும், பென்சிலால் இழுத்தாற்போல் மெல்லிசாக ஒரு கோடு. “இது யார் கன்னத்துல எடுத்தது?” என்று சிரித்தபடியே திரும்புகிறாள். கிருஷ்ணபிரசாத்தின் தாடை மெல்வதை நிறுத்தியிருக்கிறது. நாக்கு மட்டும் இடது கன்னத்தின் உட்புறத்தை மெல்லத் தடவிக்கொண்டிருக்கிறது.