ஒன்பது வருஷம் ஓடாத பம்பு

ஒரு கல்லூரியின் கெமிக்கல் இன்ஜினீயரிங் ஆய்வகத்தில் ஒரு பம்பு இருந்தது. ஒன்பது வருஷமாக அதை யாரும் ஓட்டவில்லை. மாணவர்கள் வருவார்கள், அலமாரியில் கிடக்கும் பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை அப்படியே எழுதிக்கொண்டு போவார்கள். முழு மதிப்பெண்ணும் வாங்குவார்கள்.

"உனக்கு எதுக்கு அண்ணே வீண் சிரமம்? நீ ஓடினா என்ன வருமோ அது என்கிட்ட இருக்கு" என்று நோட்டு அடிக்கடி சொல்லும். பம்பு ஒவ்வொரு சொல்லையும் மனதில் வைத்துக்கொள்ளும்.

கடைசியில் பம்பைப் பழைய இரும்புக்குப் போடுவதென்று முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள், புதிதாக வந்த பேராசிரியை மங்கையர்க்கரசி நோட்டைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். "ஓட்டிப் பார்த்து எழுதுங்க. ஓடினா இது இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

மாணவர்கள் துருவைச் சுரண்டினார்கள். தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றினார்கள். பம்பு இருமியது, நாலு பேர் சட்டையை நனைத்தது, பிறகு ஓடியது.

"மேடம், நோட்டுல இருக்கிறதுல பாதித் தண்ணிதான் வருது" என்றான் ஒருவன்.

"ஏன்னு கண்டுபிடிங்க."

குழாயைக் கழற்றினார்கள். உள்ளே உப்பு கனமாகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டி மாட்டி, மறுபடி ஓட்டினார்கள். மணி அடித்தும் யாரும் கிளம்பவில்லை.

வேகத்தில் பம்பின் ஒரு கால் ஆடியது. யாரோ நோட்டை மடித்து அதன் அடியில் செருகினார்கள்.

"கொஞ்சம் மெதுவா ஓடக் கூடாதா அண்ணே?" என்றது நோட்டு.

"ஒன்பது வருஷம் சும்மாத்தானே இருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பம்பு சந்தோஷமாக ஓடியது.