ஆறாம் மேசையில் ஒரு மிளகு

பள்ளி அறிவியல் கண்காட்சியில் மற்ற மேசைகள் எல்லாம் தெர்மாகோல் எரிமலையும் கம்பியில் சுழலும் கோள்களுமாக அமர்க்களப்பட்டன. ஆறாம் மேசையில் ஒரே ஒரு மிளகு கிடந்தது. காலையில் யாரோ பொங்கல் சாப்பிட்டு ஒதுக்கி வைத்தது என்று நினைத்து, நடுவராக வந்திருந்த மங்கையர்க்கரசி அதைச் சுண்டிவிட்டார்.

"ஐயோ மேடம், அதுதான் அணுக்கரு!" மேசைக்குப் பின்னால் நின்ற மாணவி ரெஜினாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

நடுவரும் புடவையை ஒதுக்கிக்கொண்டு அவளோடு மண்டியிட்டுத் தேடினார். மிளகு கிடைத்தது. அதை மேசை நடுவில் பத்திரமாக வைத்தார்.

"சரிம்மா, மீதி அணு எங்க?"

"அதுக்குள்ளதான் மேடம் நிக்கிறீங்க. ஹைட்ரஜனோட கரு இந்த மிளகளவு இருந்தா, எலக்ட்ரான் நம்ம மைதானத்தையும் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் இருக்கும்."

"நடுவுல?"

"ஒண்ணுமே இல்ல மேடம்."

மங்கையர்க்கரசி முதல் பரிசை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். வெறிச்சோடிக் கிடந்த மைதானத்தைக் கோயில் பிராகாரத்தைச் சுற்றுபவர்போல மெல்ல நடந்து கடந்தார். பஸ் ஸ்டாப்பில் யாருமே இல்லை. பெஞ்சின் நடுவில் உட்காரப் போனவர், என்ன நினைத்தாரோ, ஓரமாக நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார்.