மடிச்சூடு

மார்கழிப் பனியில் தோட்டா விறைத்துப்போனால் மருந்துக்கு வேகம் இருக்காது. குண்டு காட்டுப்பன்றியைக் காயப்படுத்தும், சாய்க்காது. அதனால் சடையன் தன் கையால் மருந்து அடைத்த இரண்டு தோட்டாக்களையும் விடியலில் கிழங்குக்காட்டுக் காவலுக்குக் கிளம்பும் முன் மனைவி அங்காயியிடம் கொடுப்பான். அவன் களி தின்று முடிக்கும்வரை அவள் மடியில் செருகிச் சூடேற்றித் தருவாள். அன்று இருவருக்கும் சண்டை. சன்னல் கல்லில் கிடந்தவற்றை அவள் அப்படியே எடுத்து நீட்டினாள்.

"உன் மூஞ்சியாட்டமே சில்லுன்னு இருக்கு புள்ள. மருந்து தூங்கிரப் போவுது" என்று சிரித்தான்.

"பன்னி வந்து எழுப்பும், போங்க."

வெடிச்சத்தம் இருமலைப்போலக் கேட்டது. இரண்டாவது சத்தம் வரவில்லை. காயம்பட்ட பன்றி அவனை விடவில்லை. உடலைத் தூக்கி வந்தவர்கள், அவன் கைக்குள் இருந்த இன்னொரு தோட்டாவை அவளிடம் தந்தார்கள்.

மூன்றாம் நாள் அதைக் கேட்டுப் போலீஸ்காரர் வந்தார். அங்காயி மடியை அவிழ்த்துக் கொடுத்தாள். வாங்கியவர் உள்ளங்கையைப் பார்த்தார்.

"என்னம்மா, இவ்வளவு கதகதப்பா இருக்கு?"

"இன்னும் சரியா சூடு ஏறலீங்க" என்று அவள் மறுபடி கையை நீட்டினாள். "இப்படிக் கொடுங்க."