பைஸ்டாண்டர்

காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதி ஃபேக்ஸில் வந்து கவுண்டர் மேசையில் சூடு ஆறாமல் சுருண்டு கிடக்கிறது. அட்டை எண் சரி, வெடிக்கக் காத்திருக்கும் குடல்வாலின் அறுவைக்கு முழுச் செலவும் சரி. ட்யூப்லைட் வெளிச்சத்தில், தள்ளுகட்டிலில் முழங்கால் மடக்கி முனகுகிறாள் கென்யாவிலிருந்து படிக்க வந்த அகினி. சம்மதக் கையெழுத்தும் அவளே போட்டாயிற்று. ஆனாலும் யாரும் அவளை உள்ளே கொண்டுபோகவில்லை. "பைஸ்டாண்டர் யாரு சேச்சி?" என்கிறான் கவுண்டரில் சஜின், அவளைக் கூட்டிவந்த அஜிதாவிடம். "சொந்தக்காரங்க இல்லாம ஆபரேஷன் தியேட்டருக்கு விடமாட்டோம், கேட்டியளா." மருந்து வாங்க ஓடவும், கஞ்சி கொண்டுவரவும், கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுக்கவும் ஒரு சொந்தம் வேண்டும், திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகள் அந்த ஆளை நம்பித்தான் நடக்கின்றன. காப்பீடு எல்லாவற்றையும் கொடுக்கும், அந்த ஆளைக் கொடுக்காது. பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர் பிரிவில் வேலை பார்க்கும் அஜிதாவுக்குக் காது மடல் கொதிக்கிறது. "அவ அம்மை நைரோபியில இருக்கா. அவ கடல் தாண்டி வாறதுக்குள்ள இவளுக்க குடலு பொட்டிரும். நான் கூட நிக்கேன்டே." "நீங்க யூனிவர்சிட்டி ஸ்டாஃப் அல்லே? ரூல் சம்மதிக்காது." அஜிதா கவுண்டருக்குள் கைவிட்டு ஒரு பச்சை பைஸ்டாண்டர் பாஸை உருவுகிறாள். சேலையில் குத்திக்கொண்டு கட்டிலின் தலைமாட்டுக் கம்பியைப் பிடிக்கிறாள். "தடுக்கணும்னா முன்னால வந்து நில்லு." தள்ளுகிறாள். யாரும் நிற்கவில்லை.