புகைக்குழாய்க்கு வெள்ளிப் பெயிண்ட்

தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருக்கிறவனுக்குக் கார் எதற்கு, காரை விற்றுவிடு அல்லது வீட்டைக் காலி செய் என்று எஸ்டேட் கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது. சிலோனை விட்டு வந்தபோது தலைமன்னாரில் கப்பலேறிய தகரப்பெட்டி இப்போது பழைய ஆஸ்டினின் கூரைமேல் கயிற்றால் கட்டிக் கிடக்கிறது. கோத்தகிரி மூடுபனி வாசல்வரை வந்துவிட்டது. காருக்குப் பின்னால் குந்தியிருக்கும் செல்லையா, புகைக்குழாய் நுனியின் துருவை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து எடுத்துவிட்டு, வெள்ளிப் பெயிண்ட் பூசுகிறார். இந்தப் பனியில் அது தானாகக் காயாது. குழாய்ச் சூட்டில்தான் காயவேண்டும். அதனால் மனைவி தெய்வம்மா முன்சீட்டில் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டிருக்கிறாள். சத்தம் கேட்டு வந்த எஸ்டேட் சூப்பர்வைசர் ஏகநாதன் புகைக்குழாய்க்கு எதிரே நின்று சிரிக்கிறார்.

“ஏனுங்க சிலோன்காரரே, ஊட்டை உட்டுப் போற நேரத்துல பொறத்தால எதுக்குங்க பெயிண்டு? யாரு பாக்கறதுக்கு?”

செல்லையா குழாயிலிருந்து பிரஷை எடுக்கவில்லை.

“நாங்க போகக்குள்ள நீங்க பாக்கப்போறது இதைத்தானே ஐயா.”

தெய்வம்மா ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறாள்.