ஏழாம் இலக்கத்துக்குப் போடுங்கோ

லண்டன் பூச்சியம் போட்டது.

அவள் சோபாவின் நுனிக்கு வந்தாள். பிழையாகக் கேட்டிருக்கும். லண்டனில் அவளுடைய சொந்தக்காரர்களை மட்டும் கூப்பிட்டாலே ஒரு கலியாண மண்டபம் காணாது.

திரையில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கேமரா முகத்துக்கு நேரே நின்றால் வேறு என்ன செய்வது? மடியில் டென்மார்க் கொடி.

பாரிஸ். பூச்சியம்.

அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

ஐரோப்பாவே உட்கார்ந்து பார்க்கிற பாட்டுப்போட்டி. டென்மார்க் ஒரு தமிழ்ப் பிள்ளையை அனுப்பியிருக்கிறது. அவள் பெற்ற பிள்ளையை. ஜனுசாவை.

சொந்த நாட்டுக்கு வாக்குப் போட முடியாது என்பது போட்டியின் சட்டம். டென்மார்க்கில் இருக்கிற தாய் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

அதனால் என்ன? மற்ற நாடுகளில் எங்கள் சனம் இல்லையா?

செவ்வாய்க்கிழமை அரையிறுதிக்கு அந்தச் சனம்தான் கைகொடுத்தது. கோயில் குழு, தமிழ்ப் பள்ளிக்கூடக் குழு, அவளோடு படித்த பெண்களின் குழு, எல்லாவற்றுக்கும் அவள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். ஜனுசா இறுதிக்குப் போனாள்.

மறுநாளே கதை தொடங்கிவிட்டது. அது என்ன உடுப்பு, தமிழில் ஒரு வரி பாடினால் வாய் கோணிப்போகுமா என்று யாரோ குரல்பதிவு போட, அது ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் ஜனுசாவின் போனுக்கே வந்து சேர்ந்தது.

பிள்ளை அழுதாள். எங்கட சனம் இனி எனக்குப் போடாது அம்மா என்றாள். போடாவிட்டால் இனி அவர்களுடைய ஒரு கொண்டாட்டத்துக்கும் வரமாட்டேன் என்றாள். கோயிலுக்கும்தான்.

தாய் நல்லூர்க் கந்தன்மேல் சத்தியம் பண்ணினாள். வாய் நீளமே தவிர, எங்கட சனம் கைவிடாது.

சூரிச். பூச்சியம்.

ஒஸ்லோவும்.

நாலு இடமும் ஒரே ஆளுக்குத்தான் பன்னிரண்டு புள்ளி கொடுத்தன. கண்ணாடி போட்ட ஒரு பெடியனுக்கு. விரல் நுனியை வைத்தால் வரைபடத்தில் மறைந்துபோகிற ஒரு நாடு. மரக்குழலை ஊதிக்கொண்டு ஏதோ முனகினான். அந்தப் பாட்டின்போது அவள் தேத்தண்ணி வைக்கப் போயிருந்தாள்.

டேனிஷ் வர்ணனையாளர் தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றார்.

வாக்கெல்லாம் எண்ணி முடிந்தது. பெடியன் முதலாவது. டென்மார்க் கடைசி.

மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். தாய்க்குத் தெரியாதா அந்தச் சிரிப்பு? இனி ஒரு சொல் கேட்டால் உடைந்துவிடும்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போனை எடுத்து லண்டனில் இருக்கிற தம்பிக்கு எழுதினாள்.

‘குகன், ஒருத்தரும் போடேல்லை. வெட்கமா இல்லையோ உங்களுக்கு?’

அவன் ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் நின்றான். உடனே பதில் வந்தது.

‘என்னக்கா கதைக்கிறீங்கள்? மண்டபமே போட்டது. மாப்பிள்ளையும் பொம்பிளையும்கூட மேடையில இருந்து போட்டவை.’

கீழே ஒரு படம். பிறகு இன்னொன்று. பிறகு வேறு யார் யாருடைய போன்களிலிருந்தோ ஒன்றன்மேல் ஒன்றாக.

எல்லாவற்றிலும் ஒரே வரி.

பாடல் 7. உங்கள் வாக்குக் கிடைத்தது. நன்றி.

அவள் திரையைப் பார்த்தாள்.

பெடியன் பாடிய துண்டைத் திரும்பவும் காட்டினார்கள். மூலையில் பெரிய எழுத்தில் 7.

ஜனுசா பாடிய துண்டையும் காட்டினார்கள். மூலையில் 16.

அவள் தன்னுடைய செய்தியைத் தேடி எடுத்தாள். ‘எங்கட பிள்ளை பாடுறாள். ஏழாம் இலக்கத்துக்குப் போடுங்கோ. எல்லாருக்கும் அனுப்புங்கோ.’ செவ்வாய்க்கிழமை எழுதியது. இன்று அதையே விரலால் ஒரு தட்டுத் தட்டித் திரும்ப அனுப்பியிருந்தாள்.

இறுதிக்கு இலக்கம் மாறும் என்று மகள் சொல்லியிருந்தாள். ஓம் ஓம் என்று இவளும் தலையாட்டியிருந்தாள்.

போனைச் சோபாவில் வைத்தாள்.

பெடியனின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். அவன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான். எங்களை ஒருவருக்கும் தெரியாது என்றான். லண்டனில், பாரிசில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கையைக் கும்பிடுகிறேன்.

போன் அடித்தது. ஜனுசா.

அடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் விட்டால் பிழை சனத்தோடு போய்விடும். சனம் எத்தனையோ பிழையைச் சுமந்தது, இதையும் சுமக்கும்.

பிள்ளைதான் சுமக்க மாட்டாள்.

எடுத்தாள்.

“நான் சொன்னனான்தானே அம்மா. ஒருத்தரும் போடேல்லை.”

“எல்லாரும் போட்டவை, பிள்ளை.”

“பொய் சொல்லாதேங்கோ.”

“அந்தப் பெடியன் எத்தினையாம் பாட்டு?”

“இப்ப அது எதுக்கு?”

“சொல்லு, ராசாத்தி.”

“ஏழு,” என்றாள் மகள்.

அவளுக்குப் பின்னால் மரக்குழல் கேட்டது.

“செவ்வாய்க்கிழமை நான்தானே ஏழு…” என்றாள்.

தாய் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, மகள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.