ஒழுகாத பூட்ஸ்

"ஊரை ஏமாத்துறதுக்கு என் காலுதான் கெடச்சுச்சாய்யா, பாய்?"

மொய்துவின் கடை வாசலில் ரெண்டு பூட்ஸும் தொம்மென்று வந்து விழுந்தன. கம்பம்மெட்டுச் சந்தை பேரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

ஏலத்தோட்டத்துக் கங்காணி மொக்கையனுக்குக் கோபம் வந்துவிட்டால் எதிரே நிற்பது மனுஷனா மரமா என்று பார்க்கமாட்டான். இந்தக் கோபம் நேற்றுக் காலையிலேயே கிளம்பினது.

மழைக்காலத்தில் ஏலக்காட்டுக்குள் இறங்கினால் அட்டை பிய்த்து எடுத்துவிடும். அதற்காக, காலில் தேய்த்துக்கொள்ள ஆளுக்கு ஒரு கைப்பிடி உப்பு, முந்தின நாள் சாயங்காலமே கங்காணி அளந்து கொடுத்துவிடுவான். அதை மடியில் முடிந்துகொண்டுதான் வேலைக்கு வருவார்கள். நேற்று வேலைக்கு இறங்குகிற நேரத்தில் அவன் பெண்டாட்டி ராமுத்தாய், இன்னொரு கைப்பிடி வேண்டுமென்று முந்தானையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நேத்துக் குடுத்தது எங்கடி? கங்காணி பொண்டாட்டின்னா ரெண்டு பங்கா? ஊறுகா போடுறியா, வித்துத் திங்கிறியா? மடியை உதறிக் காட்டு!"

அத்தனை ஆள் முன்னாலும் உதறினாள். ஒரு கல் உப்பு விழவில்லை. எங்கே போச்சு என்று கேட்டதற்கு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். வெறுங்காலோடு காட்டுக்குள் போனவள், சாயங்காலம் முழங்காலிலிருந்து ரத்தம் வடிய வந்து நின்றாள்.

"நல்லா வேணும்" என்றான் மொக்கையன்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் பூட்ஸைக் கழற்றினால், உள்ளே சொதசொதவென்று ஈரம்.

போன மழைக்கு அட்டைக்கடி சீழ்பிடித்து ஒரு மாசம் படுத்த படுக்கையாகக் கிடந்தவன் அவன். காலையே எடுக்கவேண்டி வரும் என்றுகூட டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில்தான் இந்த வருஷம் மொய்துவிடம் பட்டாளத்து பூட்ஸ் வாங்கினான். உலகச் சண்டை முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட சரக்கு, வெள்ளைக்காரன் காலளவு. நுனியில் பழந்துணியைத் திணித்து, அவன் காலுக்குச் சரிக்கட்டிக் கொடுத்தது ராமுத்தாய்தான்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாதுன்னு சொன்னேல்ல? தெனம் சாயங்காலம் விரலெல்லாம் ஊறி வெளுத்துக் கெடக்கு. பெருமாட்டியில இருந்து நீ மலையேறி வந்தது யாவாரம் பண்ணவா, களவாங்கவா?"

மொய்துவுக்கு முகம் சிவந்துபோனது.

"வாயை அளந்து பேசுங்க, கங்காணியாரே. பத்து வருசமா இந்த மேட்டுல கடை வச்சிருக்கறனுங்க. பூட்ஸ் ஒழுகுச்சுன்னா, இப்பவே கடையைப் பூட்டிச் சாவியை உங்க கையில குடுத்துட்டு எறங்கிப் போயிடறேன். ஒழுகலைன்னா?"

"ஒழுகலைன்னா இந்த மீசையை வழிச்சுட்டுப் போறேன்யா!"

மொய்து ரெண்டு பூட்ஸிலும் கயிற்று ஓட்டைக்குக் கீழே நிற்கிற அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். அடியில் அடுப்புச் சாம்பலைக் கொட்டிப் பரப்பினார்.

"உள்ள இருக்கற தண்ணி வெளிய வராட்டி, வெளிய இருக்கறது உள்ள போகாதுங்க. சாம்பல்ல ஒரே ஒரு புள்ளி விழுகட்டும், பாக்கலாம்."

சந்தையே சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றது. ரெண்டு டீ குடிக்கிற நேரம் ஆயிற்று. ஒரு புள்ளி இல்லை.

"கங்காணி, கத்தியைத் தீட்டச் சொல்லட்டா?" கூட்டத்தில் எவனோ சிரித்தான்.

"அப்ப என் காலு எப்படிய்யா நனையுது? பூதம் வந்து ஊத்துதா?"

"எனக்கு இன்னொண்ணும் வெளங்கலீங்க. கயிறு கோக்கற ஓட்டையில அட்டை தாராளமா நுழையும். ஏனுங்க, இந்த மழைக்கு ஒரு அட்டைகூடவா உங்களைக் கடிக்கல?"

"கடிக்கல. அதுக்கு மட்டும்தான் இந்தக் கழுத உருப்படி!"

மொய்து ஒரு பூட்ஸை இறக்கிச் சாய்த்தார். கொட்டின தண்ணீர் அவர் கையில் பட்டது. விரலில் இருந்த கத்திக்கீறல் சுரீரென்று எரிந்தது. அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கங்காணியாரே, கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்குமுங்களா?"

நுனியில் திணித்திருந்த துணியை வெளியே இழுத்தார். அதற்குள் ஒரு முடிச்சு. அவிழ்த்தால், கரைந்தது போக நாலைந்து கல் உப்பு.

"மழைக்காலத்து உப்பு சும்மா இருக்குமுங்களா? ஈரத்தை இழுத்துக் கசியத்தான் செய்யும். என்ற கடை மூட்டையே ஒழுகிட்டுக் கெடக்குது. ஒழுகினது பூட்ஸ் இல்லீங்க, உப்பு. உங்க கிட்ட அட்டை அண்டாததும் இதனாலதான். ஆரோ தினமும் ஒரு கைப்பிடி புதுசா வச்சுட்டு வந்திருக்கறாங்க."

மொக்கையன் துணியைப் பார்த்தான். மெல்லத் திரும்பினான்.

கூட்டத்துக்குப் பின்னால் சந்தைக்கூடையோடு ராமுத்தாய். முழங்காலுக்குக் கீழே பழசும் புதுசுமாக அட்டைக்கடி. ஒன்றிரண்டில் ரத்தம் இன்னும் காயவில்லை.

"மீசை இருக்கட்டுமுங்க" என்றார் மொய்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ராமுத்தாய் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மண்ணில் ஓடுகிற தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்புட்டையும் கரைச்சு ஊத்திட்டீகளா? நாளைக்கு இன்னொரு கைப்பிடி கேட்டா வைவீகளே!"